அவித்த முட்டை உரிக்க வரவில்லையா?

கேள்வி: குழம்புக்கு முட்டை அவித்தால், ஓடு வெள்ளைக்கருவையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வேறு. முட்டை கெட்டதா?

பதில்: கெடவில்லை. மிகப் புதிய முட்டையில் உள்தோல் வெள்ளைக்கருவோடு இறுக ஒட்டியிருக்கும். வாங்கி ஒரு வாரம் ஃபிரிட்ஜில் இருந்ததை அவியுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் நீரில் கரண்டியால் மெல்ல இறக்கி, தீயைக் குறைத்து 11 நிமிடம். உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். அகன்ற முனையில் தட்டி (காற்றறை அங்கேதான்), தண்ணீருக்குள்ளேயே உரியுங்கள்.

பச்சை வளையம், அதிகம் வெந்ததால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்து வந்தது, தாராளமாகச் சாப்பிடலாம். குழம்பில் லேசாகக் கீறி, கடைசி 5 நிமிடம் போட்டால் போதும். எண்ணெயில் பொரித்துப் போடுவது வீண் செலவு, வெள்ளைக்கருவும் ரப்பராகிவிடும்.