வாசகர் கேள்வி–பதில்: தூங்குகிற போனை எழுப்புவது யார்?

கேள்வி: அம்மா சாட்ஸ்வொர்த்தில் தனியாக இருக்கிறார், வீட்டில் வைஃபை கிடையாது. நான் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி அவர் போனைக் கையில் எடுத்துத் திறந்தால்தான் வருகிறது. சாதாரண அழைப்பு மட்டும் உடனே அடிக்கிறது. நெட்வொர்க்கை மாற்றிவிடலாமா? – வாசகி, லெனேஷியா

பதில்: மாற்ற வேண்டாம் அக்கா. அழைப்பு உடனே அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

பத்துப் பதினைந்து விநாடி டேட்டா எதுவும் போகாமல் வராமல் இருந்தால், டவர் அந்த போனுக்கு ஒதுக்கியிருந்த ரேடியோ இணைப்பை எடுத்துவிடும். இதுதான் ஐடில் மோட். ஐபி முகவரி (இணையத்தில் போனின் விலாசம்) போனிடமே இருக்கும், ஆனால் போன் இப்போது எந்த டவரின் கீழ் இருக்கிறது என்பது நெட்வொர்க்குக்குத் தெரியாது. பல டவர்களைச் சேர்த்து வகுத்த ஒரு டிராக்கிங் ஏரியாவுக்குள் எங்கேயோ இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். அந்த எல்லைக்குள் அம்மா கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் போன் யாருக்கும் தகவல் சொல்லாது. எல்லை தாண்டினால் சொல்லும், தாண்டாவிட்டாலும் நெட்வொர்க் வைத்த கெடுவுக்கு ஒரு முறை (4ஜியில் வழக்கமாக 54 நிமிடம்) "இருக்கிறேன்" என்று சொல்லும். பேட்டரி நாள் முழுக்கத் தாங்குவதற்குக் காரணமே இந்த மௌனம்தான்.

இப்போது அம்மாவுக்கு ஒரு பாக்கெட் (டேட்டாவின் ஒரு சிறு துண்டு) வருகிறது. சர்விங் கேட்வே என்ற கணினி அதைப் பிடித்து வைத்துக்கொண்டு எம்எம்இ என்ற இன்னொன்றிடம் சொல்கிறது, எம்எம்இ அந்த ஏரியாவின் டவர்களுக்குச் சொல்ல, அத்தனை டவரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகின்றன. காவடி நாளில் கோயில் வளாகத்துக்குள் எங்கேயோ இருக்கிற ஒருவரை மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிதான்: எல்லா ஸ்பீக்கரிலும் கேட்கும், அவர் ஒருவர்தான் எழுந்து வருவார். இந்தக் கூப்பாட்டுக்குப் பெயர் பேஜிங்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. தூங்குகிற போன் எப்போதும் காதைத் திறந்து வைத்திருப்பதில்லை. பொதுவாக 1.28 விநாடிக்கு ஒரு தடவை விழித்து, தனக்கென்று குறித்த 1 மில்லி விநாடியில் மட்டும் கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடும். எந்த மில்லி விநாடி என்று எப்படித் தெரியும்? 4ஜியில் சிம்மில் உள்ள ஐஎம்எஸ்ஐ எண்ணை (அந்தச் சிம்முக்கே உரிய அடையாள எண்) 1024-ஆல் வகுத்து வரும் மீதியை வைத்துப் போனும் நெட்வொர்க்கும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன, இருவருக்கும் ஒரே நேரம் விடையாகக் கிடைக்கிறது. ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் சந்திக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்!

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். வோல்ட்இ (4ஜி டேட்டா வழியாகவே குரல் அழைப்பு) உள்ள போனாக இருந்தால் அந்தச் சாதாரண அழைப்பும் ஐபி பாக்கெட்டாக இதே வழியில்தான் வருகிறது. அது அடிக்கிறதென்றால் பேஜிங் வேலை செய்கிறது, கோளாறு போனுக்குள்ளே இருக்கிறது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போன் அசையாமல் கிடந்தால் ஆப்களை அடக்கி வைக்கும் டோஸ் என்ற ஏற்பாடு உண்டு. அதற்கு மேல் சில போன் கம்பெனிகள் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையாக அடக்குகின்றன. செட்டிங்ஸில் வாட்ஸ்அப்பின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் வையுங்கள். டேட்டா சேவர் ஆனில் இருந்தால் வாட்ஸ்அப்புக்கு விலக்குக் கொடுங்கள். "போனைச் சுத்தம் செய்கிறேன், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்" என்கிற ஆப் ஏதாவது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அம்மாவிடம், ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்யக்கூடாது என்றும் சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் அப்படி நிறுத்திய ஆப்புக்கு அவரே மறுபடி திறக்கும்வரை கூகுளின் தள்ளுசெய்தி (செய்தி வந்திருக்கிறது என்று ஆப்பை எழுப்பும் தகவல்) எதுவும் போய்ச் சேராது.

கேள்வி: கரன்ட் போன நேரத்தில், தொடாமலே வைத்திருந்தாலும் போனில் சார்ஜ் வேகமாக இறங்குகிறது. பிரமையா? – வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பிரமை இல்லை ஐயா. 2023-இல் நம் தென்னாப்பிரிக்காவின் லோட்ஷெடிங் மின்வெட்டில் நாம் எல்லோரும் பட்ட பாடுதான் இது. பக்கத்து டவரின் பேட்டரி தீர்ந்தாலோ, யாராவது திருடிக்கொண்டு போயிருந்தாலோ உங்கள் போன் தூரத்து டவரைப் பிடிக்க வேண்டும், அதனிடம் பேசக் கூடுதல் சக்தி செலவழிக்க வேண்டும். அந்த டவர் வேறு டிராக்கிங் ஏரியாவைச் சேர்ந்ததென்றால் இடம் மாறிவிட்டேன் என்று பதியவும் வேண்டும். இரண்டு ஏரியாவின் ஓரத்தில் வீடு இருந்தால் மாறி மாறிப் பதிந்துகொண்டே இருக்காதா என்று கேட்பீர்கள், அதற்காகத்தான் 4ஜியில் ஒரே போனுக்கு 16 ஏரியா வரை ஒரு பட்டியலாகக் கொடுக்க முடிகிறது. எதுவுமே கிடைக்காவிட்டால்தான் பெரிய செலவு, போன் ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடத் தொடங்கும். சிக்னல் அறவே இல்லையென்றால் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். இன்வெர்ட்டரில் ஃபைபர் ஓடுகிறதென்றால் அதோடு வைஃபையை மட்டும் ஆன் செய்து வைஃபை காலிங்கைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எல்லாமே ஐபி ஆகிவிட்ட பிறகு இந்தப் பேஜிங்கை மொபைல் ஐபியே (இடம் மாறும் சாதனத்துக்கு இணைப்பு விடாமல் இருக்க வகுத்த இணைய நெறிமுறை) ஏன் செய்யவில்லை? – மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தம்பி, இதே கேள்வியை இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு ஒரு காலத்தில் மும்முரமாக எடுத்துக்கொண்டது. ஐபியில் முகவரிதான் இருப்பிடம். மொபைல் ஐபியில் சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) மாறும் ஒவ்வொரு முறையும் புதிய முகவரியை ஹோம் ஏஜென்டிடம் (போனின் நிலையான முகவரிக்கு வருவதை வாங்கி அதற்கு அனுப்பிவைக்கும் கணினி) பதிய வேண்டும், யாரும் கூப்பிடாவிட்டாலும் பதிய வேண்டும். பையில் தூங்கும் போனுக்கு அது வீண் செலவு. அதனால் 2001 ஜூனில் ஆர்எஃப்சி 3132 என்ற ஐஇடிஎஃப் ஆவணம் பிரச்சினையை விளக்கியது, ஆகஸ்டில் ஆர்எஃப்சி 3154 ஒரு கட்டமைப்பைச் சொன்னது. வேலையை மூன்றாகப் பிரித்தார்கள்: தூங்கும் போனுக்கு வரும் பாக்கெட்டைக் கண்டுபிடித்துப் பிடிப்பவர் ஒருவர், போன் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று குறித்து வைப்பவர் ஒருவர், கூப்பிடுபவர் ஒருவர். பிரித்த விதம் அருமை. ஆனால் அதன்மேல் ஒரு பொதுவான ஐபி பேஜிங் நெறிமுறை நிலைபெறவில்லை. செல்லுலார் நெட்வொர்க்குகளில் ரேடியோ அடுக்கிலேயே பேஜிங் இருந்தது, எப்போது விழிக்க வேண்டும் என்பதும் ரேடியோவின் நேரக் கணக்கு, அதை மேலே ஐபிக்குத் தூக்கிச் செல்வதில் லாபம் குறைவு என்பது என் எண்ணம். இருந்தாலும் மேலே சொன்ன சர்விங் கேட்வேயையும் எம்எம்இயையும் எடுத்துப் பார், அந்த மூன்று வேலையும் அவற்றுக்குள் இருக்கும். 5ஜியில் கூடுதலாக விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே இன்ஆக்டிவ் என்று ஓர் இடைநிலை வந்திருக்கிறது. அதில் கடைசியாகப் பேசிய பேஸ் ஸ்டேஷனே போனின் விவரங்களை வைத்துக்கொண்டு, மைய நெட்வொர்க்கைத் தொந்தரவு செய்யாமல் தானே பேஜிங்கைத் தொடங்கும். அந்த இரண்டு ஆர்எஃப்சியும் இலவசம், சின்னவை, படித்துவிடு.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியின் அளவைப் பார்க்க சிம் போட்ட சென்சார் வாங்கப் போகிறேன். பேட்டரி பல வருடம் வரும் என்கிறார்கள். அதன் வழியாக மோட்டாரையும் நிறுத்த முடியுமா? – கரும்பு விவசாயி, டோங்காட்

பதில்: அந்தப் பல வருட பேட்டரி பெரும்பாலும் பிஎஸ்எம் என்ற ஆழ்ந்த தூக்கத்தால் வருவது ஐயா. அதில் பேஜிங்கே கிடையாது, சாதனம் தானாக விழிக்கும்வரை நீங்கள் அனுப்பும் கட்டளை காத்துக் கிடக்கும். அளவு பார்க்க அது போதும். மோட்டாரை நிறுத்த வேண்டுமென்றால், மோட்டாருக்குத்தான் கரன்ட் வருகிறதே, அங்கே தனியாக, தூங்காத ஒரு கன்ட்ரோலர் போடுங்கள். பேட்டரியில்தான் ஓட வேண்டுமென்றால் இடிஆர்எக்ஸ் (நீண்ட இடைவெளி விட்டு விழித்துப் பேஜிங்கைக் கேட்கும் முறை) உள்ளதா என்றும், அதன் சுழற்சியை எத்தனை விநாடிக்குக் குறைக்க முடியும் என்றும் கேட்டுவிட்டு வாங்குங்கள். என்பி-ஐஓடியில் (இப்படிப்பட்ட சிறு சாதனங்களுக்கான மொபைல் நெட்வொர்க் வகை) அந்தச் சுழற்சி ஏறக்குறைய 3 மணி நேரம் வரைகூடப் போகும், அதற்குள் தொட்டி வழிந்து ஓடிவிடும்.