முதல் பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் சகோதரி. இங்கிலாந்தில் வசிக்கும் உங்களுக்கு 34 வாரம் ஆகிறது என்றும், சிக்கல் ஏதுமில்லாததால் முதல் பிரசவத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்றும், கணவர் மருத்துவமனைதான் வேண்டும் என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள்.

அங்கு ஏறத்தாழ 64,000 பிரசவங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான 'பர்த்பிளேஸ்' ஆய்வின்படி, தலைப்பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டவர்களில் 100-க்கு 45 பேர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். குழந்தைக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது மருத்துவமனையில் திட்டமிட்டோரில் 1,000-க்கு சுமார் 5, வீட்டில் திட்டமிட்டோரில் சுமார் 9. இரண்டாம் பிரசவம் என்றால் இந்த வேறுபாடு இல்லை. அப்போது நானே உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

மருத்துவமனை வளாகத்திலேயே மருத்துவச்சிகள் நடத்தும் மகப்பேற்று மையத்தைத்தான் பரிந்துரைக்கிறேன். அங்கே குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. அறுவைச் சிகிச்சையும் குறைவு. என் தலைப்பிரசவம் அத்தகைய மையத்தில் வெந்நீர்த் தொட்டியில்தான் தொடங்கியது; வலி தாளாமல், அங்கே கிடைக்காத எபிடியூரல் ஊசியைக் கேட்டபோது, ஈரத் தலையோடு சக்கர நாற்காலியில் ஒரு நடைக்கூடத்தைக் கடந்ததும் பிரசவ வார்டு வந்துவிட்டது. அதே நிலையில் வீட்டில் இருந்திருந்தால் ஆம்புலன்சுக்காகக் காத்திருந்திருப்பேன்.

ஆகவே, அடுத்த சந்திப்பில் கணவரையும் அழைத்துச் சென்று, நள்ளிரவில் உங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனையை அடைய எத்தனை நிமிடமாகும் என்று மருத்துவச்சியிடம் கேளுங்கள்.