தெரேஸ்: பெயரும் பொருளும்

கேள்வி: என் மகன் தன் பெண்குழந்தைக்குப் பிரெஞ்சு முறையில் 'தெரேஸ்' என்று பெயரிட விரும்புகிறான். 'அறுவடை செய்பவள்' என்று இதற்குப் பொருள் சொல்கிறார்களே, அது சரிதானா? என் மாமியாரின் பெயரான திரேசம்மாளும், எங்கள் அண்டை வீட்டு மலையாளக் குடும்பத்தில் வழங்கும் த்ரேசியாவும் இதே பெயர்தானா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: மூன்றும் ஒரே பெயர்தான், அம்மா. பொருளைப் பற்றி மட்டும் அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை. கிரேக்க மொழியில் 'தெரோஸ்' என்பது கோடைகாலத்தையும் 'தெரிட்சேய்ன்' என்பது கதிர் அறுப்பதையும் குறிப்பதால் அப்படியொரு பொருள் கூறப்படுகிறது. ஏஜியன் கடலிலுள்ள தெராசியா என்னும் தீவின் பெயரோடு இதை இணைப்பவர்களும் உண்டு. இரண்டுமே ஒலி ஒற்றுமையைக் கொண்டு செய்த ஊகங்கள் என்பதே என் கருத்து.

வரலாறோ தெளிவாக இருக்கிறது. இப்பெயரைத் தாங்கியவர்களுள் நாம் முதன்முதலில் அறிபவர், போர்தோ நகரில் பிறந்து பின்னாளில் நோலாவின் ஆயரான புனித பவுலீனுவின் மனைவி தெராசியா. அவர் 4-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பிறந்தவர். அதன்பின் பல நூற்றாண்டுகள் இப்பெயர் பெரும்பாலும் ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளுக்குள்ளேயே வழங்கியது. போர்ச்சுகலின் முதல் மன்னருடைய தாயும் ஒரு தெரேசாதான். 1622-இல் அவிலா நகரத்துத் தெரேசா புனிதராக உயர்த்தப்பட்டதும், அவர் சீர்திருத்திய கார்மேல் துறவற சபை பிரான்சில் மடங்களை நிறுவியதும், 1660-இல் ஸ்பெயின் இளவரசி மரிய தெரேசா பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியை மணந்ததும் சேர்ந்து, பிரெஞ்சுக் குடும்பங்களில் இப்பெயரை வேரூன்றச் செய்தன.

ஆனால் நம் பகுதியில் இப்பெயரை இத்தனை அன்போடு வழங்கச் செய்தவர் ஒரு பிரெஞ்சுப் பெண்ணே. 1873-இல் அலான்சோன் நகரில் பிறந்து, 15 வயதில் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்து, 24 வயதில் காசநோயால் மறைந்த தெரேஸ் மார்த்தென், 1925-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவிலா தெரேசாவிலிருந்து வேறுபடுத்தவே தமிழர் அவரைக் குழந்தை தெரேசா என்றும், மலையாளிகள் கொச்சுத்ரேசியா என்றும் அழைக்கின்றனர். 'சிறுமலர்' என்பதும் அவருக்கு வழங்கும் பெயரே; அப்பெயர் கொண்ட பள்ளிகளும் அவரை நினைத்தே அமைந்தவை. அன்னை தெரேசா தம் துறவறப் பெயரைத் தெரிந்தெடுத்ததும் இவரிடமிருந்துதான்.

பிரெஞ்சில் இறுதி உயிர் ஒலிப்பதில்லை. ஆகவே 'தெரேஸ்' என்றே எழுதுங்கள், 'தெரேசே' என்பது பிழை. பெயர்விழா கொண்டாடுவதானால் லிசியே தெரேசாவுக்கு அக்டோபர் 1, அவிலா தெரேசாவுக்கு அக்டோபர் 15.