கால்அவுட் வசதிக்காக உயர்நிலை உரிமம் வாங்கலாமா?

கேள்வி: நிலத்தடி நீர் ஆய்வு ஒன்றுக்காக ஆழ்துளைக் கிணறுகளின் வரைபடம் தயாரித்து வருகிறோம். ஒரே தாளில் 140 புள்ளிகள் வருகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் கிணற்று எண்ணையும் ஆழத்தையும் எழுத வேண்டியிருப்பதால், எழுத்தைச் சற்றுத் தள்ளி வைத்து அங்கிருந்து புள்ளிக்குக் கோடு இழுக்கும் ‘கால்அவுட்’ வசதி எங்களுக்கு அவசியம். அது வரைபட மென்பொருளின் உயர்நிலை உரிமத்தில்தான் கிடைக்கும் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கால்அவுட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம். விலைக்குக் கிடைக்கும் வரைபட மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ் புரோவின் அடிப்படை நிலை உரிமத்திலேயே, லேபிளின், அதாவது புள்ளிக்கு அருகில் எழுதும் எழுத்தின், அமைப்பில் கால்அவுட்டைச் சேர்த்துக்கொள்ள முடியும். அதே வகையைச் சேர்ந்த மேப்இன்ஃபோ புரோவில் லேபிளை மவுஸால் இழுத்து நகர்த்தினால், அதற்கும் புள்ளிக்கும் இடையே கோடோ அம்புக்குறியோ போடும் தெரிவு நெடுங்காலமாகவே இருக்கிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் திறமூல மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில், 2019 அக்டோபரில் வெளியான 3.10 பதிப்பிலேயே நேர்கோடும் செங்கோணமாக மடங்கும் கோடும் வந்துவிட்டன. 2021 ஜூனில் வெளியான 3.20 பதிப்பில் வளைகோடும் பேச்சுக் குமிழ் வடிவமும் சேர்ந்தன.

பிரதிநிதி சொன்னது முற்றிலும் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. அவர் இரண்டு வசதிகளை ஒன்றாகக் குழப்பியிருக்கலாம். ஆர்க்ஜிஐஎஸ் புரோவில் லேபிள் என்பது மென்பொருள் தானே இடம் பார்த்து வைக்கும் எழுத்து. அதைத் தனித்தனியாகக் கையால் நகர்த்த இயலாது. நகர்த்த வேண்டுமானால் அதை ‘அனோடேஷன்’ எனப்படும் நிலையான எழுத்தாக மாற்றிக்கொள்ள வேண்டும். சாதாரண அனோடேஷனுக்கு அடிப்படை உரிமம் போதும். ஆனால் கிணற்றின் ஆழம் அட்டவணையில் திருத்தப்பட்டால் வரைபடத்தில் உள்ள எழுத்தும் தானே மாற வேண்டும் என்றால், தரவோடு பிணைக்கப்பட்ட அனோடேஷனை உருவாக்க வேண்டும். அதற்குத்தான் மேல்நிலை உரிமம் தேவைப்படுகிறது. பலர் ஒரே தரவைத் திருத்திக்கொண்டே இருக்கும் அலுவலகத்துக்கு அந்தச் செலவு நியாயமானதாக இருக்கக்கூடும். ஒருமுறை அச்சிட்டு ஒப்படைக்கும் வரைபடத்துக்கு அது வீண்.

ஆகவே, ‘கால்அவுட் இருக்கிறதா’ என்பதை விட, ‘நான் கையால் நகர்த்தி வைத்த லேபிளின் இடம் எங்கே சேமிக்கப்படுகிறது’ என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. உழைப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது. 140 லேபிள்களை ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்த ஒரு பகல் முழுதும் போய்விடும். கியூஜிஐஎஸ்ஸில் முதல் லேபிளை நகர்த்தப் போகும்போது, ஒவ்வொரு புள்ளியையும் தனித்து அடையாளம் காட்டும் புலம் (அட்டவணையின் நெடுவரிசை) எது என்று மென்பொருள் கேட்கும். அவசரத்தில் பெயர்ப் புலத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு கிணறுகள் இருந்தாலோ, பின்னால் ஒரு பெயரைத் திருத்தினாலோ, நகர்த்திய இடம் தவறான புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும் அல்லது காணாமல் போகும். என்றும் மாறாத கிணற்று எண்ணைக் கொடுப்பதே பாதுகாப்பு. இந்த இடங்கள் கியூஜிடி என்ற துணைக் கோப்பில் பதிவாகின்றன. திட்டத்தை, அதாவது உங்கள் வரைபட வேலை முழுவதையும் வைத்திருக்கும் கோப்பை, கியூஜிஇசட் வடிவில் சேமித்தால் அது உள்ளேயே அடங்கிவிடும். கியூஜிஎஸ் வடிவில் சேமித்தால் பக்கத்தில் தனிக் கோப்பாக நிற்கும். திட்டக் கோப்பை மட்டும் நகலெடுத்துச் சக ஊழியருக்கு அனுப்பிவிட்டு, ‘என் கோடுகளெல்லாம் எங்கே போயின’ என்று தலையில் கைவைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினர்.

அளவுத்திட்டமும் இதில் குறுக்கிடுகிறது. கியூஜிஐஎஸ்ஸில் நகர்த்திய இடம் தாளின் மில்லிமீட்டரில் அல்ல, நிலத்தின் ஆயத்தொலைவுகளில் பதிவாகிறது. 1:5,000 அளவில் புள்ளியிலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளி வைத்த லேபிள், நிலத்தில் 100 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதே வரைபடத்தை 1:25,000 அளவில் அச்சிட்டால் அந்த 100 மீட்டர் 4 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும், எழுத்தோ அதே பருமனில் நிற்கும், கோடு எழுத்துக்கு அடியிலேயே புதைந்துபோகும். எனவே இறுதி அளவுத்திட்டத்தை முடிவு செய்த பிறகே லேபிள்களை நகர்த்தத் தொடங்குங்கள். இதைப் பணம் கொடுத்து வாங்கும் எந்த உரிமமும் உங்களுக்காகச் செய்து தராது.

வாங்குவதென்றே முடிவு செய்தாலும், விற்பவரின் மாதிரித் தரவில் காட்டும் செயல்விளக்கத்தை நம்ப வேண்டாம். உங்கள் 140 புள்ளிகளையும் கொடுத்து, உங்கள் எதிரில் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு திரையில் தெரியும் லேபிள்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடிய லேபிள்களை இத்தகைய மென்பொருள்கள் இயல்பாகவே காட்டாமல் விட்டுவிடும் என்பதால், துப்புரவாகத் தெரியும் வரைபடம் பாதி எழுத்துகளை விழுங்கிய வரைபடமாகவும் இருக்கலாம். இடம் கிடைக்காத லேபிள்களைக் காட்டும் பொத்தான் கியூஜிஐஎஸ்ஸிலும் உண்டு, ஆர்க்ஜிஐஎஸ் புரோவிலும் உண்டு. அதை அழுத்தச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

கேள்வி: கியூஜிஐஎஸ்ஸிலிருந்து பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்த வரைபடத்தில் கிணற்று எண்ணைத் தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு மாறினால்தான் இது சரியாகுமா?

பதில்: மாறத் தேவையில்லை. ஏற்றுமதிச் சாளரத்தில் எழுத்துகளைக் கோட்டுருவங்களாக அனுப்புவதா, எழுத்துகளாகவே அனுப்புவதா என்று ஒரு தெரிவு இருக்கிறது, இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். கோட்டுருவமாகப் போன எண் கண்ணுக்கு எண்ணாகத் தெரியும், பிடிஎஃப்பின் தேடல் வசதிக்கோ அது வெறும் கோடு. எழுத்தாக அனுப்பும்போது தமிழ் எழுத்துரு சிதையாமல் வந்திருக்கிறதா என்பதை மட்டும் வேறொரு கணினியில் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாகக் கொம்புகளும் கால்களும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். அப்படிப் பிரிந்திருந்தால், அச்சுக்கு ஒரு கோட்டுருவப் பிரதியும் தேடுவதற்கு ஓர் எழுத்துப் பிரதியும் என இரண்டாக எடுத்துவைப்பதே வழி.