ஹைப்ரிட் கார்: ஊருக்குள் துள்ளல், நெடுஞ்சாலையில் திணறல் ஏன்?

கேள்வி: வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் என் ஹைப்ரிட் கார் சட்டென்று கிளம்புகிறது, மைலேஜும் தருகிறது. ஆம்பூர் தாண்டி பெங்களூரு சாலையில் 100-ல் போனால் இரண்டுமே குறைகின்றன. ஸ்போர்ட்ஸ் கார் அப்படி இல்லையே?
– காட்பாடி வாசகர்

பதில்: ஹைப்ரிட் காரில் பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உண்டு. அந்த மோட்டார் சுழலத் தொடங்கும்போதே முழு டார்க்கையும் (சுழற்றும் விசை) கொடுத்துவிடும். ஹோண்டா சிட்டி ஹைப்ரிடில் அது 253 நியூட்டன் மீட்டர். சிக்னலில் தெரியும் துள்ளல் அதுதான். வேகம் ஏற ஏற மோட்டாரின் டார்க் இறங்கும். 80-லிருந்து 110-க்குப் போய் லாரியை முந்த மொத்தக் குதிரைத்திறன் வேண்டும். அதே சிட்டியில் அது 126 பி.எஸ். (குதிரைத்திறன் அலகு) மட்டும்தான். 300-க்கு மேல் வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காருடன் அங்கே போட்டி போட முடியாது. முந்துவதற்குக் கூடுதல் இடைவெளி விடுங்கள்.

மைலேஜுக்கு வருவோம். ஊருக்குள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலை குறைவு, திரும்புவதும் குறைவு. காற்றின் எதிர்ப்போ 80-ஐ விட 100-ல் ஒன்றரை மடங்குக்கு மேல். பெரிய எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார் இதற்கு நேரெதிர். நெரிசலில் நின்ற இடத்திலேயே பெட்ரோல் குடிக்கும், சீரான ஓட்டத்தில் மைலேஜ் ஏறும். ஆனாலும் ஹைப்ரிடை எட்டாது.

சிக்னல் தெரிந்ததும் காலை எடுத்து, பிரேக்கை மெதுவாக நீட்டிப் பிடியுங்கள். சடாரென மிதித்தால் பிரேக் பேட் தேய்ந்து, ஆற்றல் வெறும் சூடாகப் போய்விடும். பல ஹைப்ரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை பின் சீட் ஓரத்தில் இருக்கும். பையையோ துணியையோ வைத்து அதை அடைக்காதீர்கள். வேலூர் மே மாத வெயிலில் பேட்டரி சூடேறினால், அதைக் காப்பாற்ற மோட்டாரின் உதவியைக் கார் தானே குறைத்துக்கொள்ளும்.