கிழக்குக் கடலுக்கு எந்த நீலம்?

கேள்வி: கோடை விடுமுறையில் நாகப்பட்டினம் கடலை வாட்டர்கலரில் வரைந்து பழகுகிறேன். பழைய காலப் பெண் ஓவியர்கள்தான் எனக்குத் தூண்டுதல். இரண்டு பெண்கள் கடற்கரையில் நடந்துபோகிற, அன்னா ஆங்கர் வரைந்த நீல மாலைப் படத்தைக் கைபேசியில் பார்த்து அதே நீலத்தைக் கலக்கிறேன். ஆனாலும் நம்மூர்க் கடலாக வரவில்லை. வானத்தில் திட்டுத் திட்டாகக் கறை வேறு விழுகிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, நாகூர்

பதில்: முதலில் ஒரு திருத்தம். நீங்கள் சொல்லும் படத்தை வரைந்தவர் அன்னா ஆங்கர் அல்ல. டென்மார்க்கின் வடமுனையில் உள்ள ஸ்காகன் கரையை 1893இல் அப்படி வரைந்தவர் பேடர் செவெரின் க்ரோயர். அதில் நடந்துபோகும் இரண்டு பெண்களில் ஒருவர்தான் அன்னா. ஓவியரைப் படத்துக்குள் நடமாட விட்டுவிட்டு, அவர் கையால் செய்த வேலையை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. அன்னா (1859–1935) அந்த ஊரிலேயே பிறந்தவர். கோபன்ஹேகனின் அரசு ஓவியக் கழகம் 1888 வரை பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. அவர் தனியார் பள்ளியில்தான் பயின்றார். கடலோரத்தில் வாழ்ந்தும் அவர் அதிகம் வரைந்தது வீட்டின் உட்புறத்தை. 1891இல் வரைந்த நீல அறைப் படத்தைத் தேடிப் பாருங்கள். சன்னல் வழியே சுவரில் விழுந்த வெயில்தான் அதில் எல்லாம். கண்ணெதிரே விழுந்த ஒளியை வரைந்தவரிடமிருந்து, வேறொரு ஊரின் ஒளியை எடுத்துவந்து நாகூரில் பூசக் கற்க முடியாது.

க்ரோயரின் நீலம் இங்கே பொருந்தாததற்குக் காரணம் எளிது. ஸ்காகனில் ஜூன் மாத இரவு முழு இருட்டாவதே இல்லை. அந்தி நெடுநேரம் நிற்கும். நமக்கு அந்தி அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அதோடு நம் கரை கிழக்கு பார்த்தது. காலையில் சூரியன் எதிரே நிற்கிறது: கண் கூசும், கடல் வெள்ளித் தகடாகத் தெரியும், நிறம் ஏறக்குறைய இருக்காது. நாலு மணிக்கு மேல் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் போகிறது. அப்போதுதான் கடலின் உண்மை நிறம் தெரியும். நெய்தலுக்குத் தொல்காப்பியம் வைத்த சிறுபொழுது எற்பாடு. பொழுது சாயும் நேரம் என்பதே அதற்குப் பெரும்பாலோர் கொள்ளும் பொருள். சோழநாட்டுக் கரையில் தூரிகை பிடிப்பவருக்கு இதைவிடச் சரியான நேரக்குறிப்பு கிடைக்காது.

அந்த நேரத்தில் கடல் ஒரே நீலம் அல்ல. தொடுவானத்தருகே கோபால்ட் நீலத்தில் துளி விரிடியன் (நீலம் தட்டும் பச்சை). நடுவில் செருலியனோடு (வான நீலம்) கொஞ்சம் யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). அலை உடையும் இடத்தில் மணல் கலங்குவதால் ஓக்கரும் துளி பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) முன்னுக்கு வர வேண்டும், நீலம் பின்னுக்குப் போக வேண்டும். தாலோ நீலம் என்ற பளிச்சென்ற நீலத்தை டியூபிலிருந்து அப்படியே பூசினால் நீச்சல் குளம்தான் வரும். கருமைக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரின் என்ற அடர்நீலமும் பர்ன்ட் சியன்னாவும் போதும். நுரையின் உச்சிக்குத் தாளின் வெண்மையை விட்டுவையுங்கள். அதன் அடிவயிறு மட்டும் வெளிர் ஊதா. ஈர மணல் உலர்ந்த மணலைவிட அடர்த்தியானது, வானத்தின் நிறத்தையும் வாங்கும். இதை விட்டால் கரை அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். கோடைப் புழுக்கத்தில் தொடுவானம் கூர்மையாக இருக்காது. அளவுகோல் வைத்துக் கோடு இழுக்காதீர்கள்.

இனி கறை. ஓரம் காய்ந்து நடு ஈரமாக இருக்கும்போது மறுபடி தண்ணீர்ப் பிரஷ்ஷை வைக்கிறீர்கள். புதுத் தண்ணீர் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் நிறுத்துகிறது. கடற்காற்றில் இது இரண்டு நிமிடத்தில் நடந்துவிடும். தாளைச் சிறிதாக்குங்கள்: முழுத் தாளை எட்டாக வெட்டினால் ஏழரைக்குப் பதினொன்று அங்குலம், வெளியில் அது போதும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளின் இருபுறமும் நனைத்து அக்ரிலிக் தகட்டின் மேல் படிய வையுங்கள்; தகடு ஈரத்தை உறிஞ்சாது, அடிப்புறமும் சீக்கிரம் காயாது. மேலே நீர்ப்பளபளப்பு அடங்கியதும், பலகையைச் சற்றே சாய்த்து, வானத்தை ஒரு அங்குலத் தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே மூச்சில் முடியுங்கள். தேவைப்படும் என்று தோன்றுவதைப்போல் மூன்று பங்கு வண்ணத்தை முன்பே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பூசும் நடுவே கலக்கப் போனால் ஓரம் காய்ந்துவிடும். பிழை தெரிந்தால் தொடாதீர்கள், முழுக்கக் காய்ந்த பிறகு பாருங்கள். கறை பொடிப்பொடியான நட்சத்திரமாக இருந்தால் காரணம் வேறு: உப்புச் சாரல். அலையிலிருந்து இன்னும் இருபதடி தள்ளி உட்காருங்கள். பிரஷ் கழுவக் குடிநீர் ஒரு லிட்டர் எடுத்துப் போங்கள், கடல்நீர் வேண்டாம். தாளின் மேல் நேர் வெயில் பட்டால் கண் ஏமாந்து அடர்த்தியாகக் கலப்பீர்கள், வீட்டுக்குள் கொண்டுபோனால் படம் இருண்டு கிடக்கும். கறுப்புக் குடை பிடியுங்கள். வண்ணக் குடை தாளுக்கும் சாயம் ஏற்றும்.

பெண் ஓவியர்களிடம் எதைக் கற்பது என்று கேட்டால், அவர்களுடைய நிறத்தை அல்ல, இடைஞ்சலை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை. பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிசோ 1875இல் இங்கிலாந்தின் வைட் தீவில் வரையப் போனார். காற்றும் வெயிலும் படுத்தின, படகுகள் நொடிக்கொரு தரம் இடம் மாறின என்று கடிதத்தில் அலுத்துக்கொண்டார். அங்கே அவர் வரைந்த ஒரு படத்தில் கணவர் யூஜின் மானே சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பூந்தொட்டி, வேலி எல்லாம் தாண்டித்தான் துறைமுகம் ஒரு கீற்றாகத் தெரிகிறது. வீட்டுக்குள்ளிருந்து கடல் வரைய அனுமதி உண்டு என்பதற்கு அந்த ஒரு படம் போதும். நாகூரில் ஒரு மொட்டைமாடியும் கைப்பிடிச் சுவரின் நிழலும் உங்களுக்குக் கிடைக்கும். இன்னொருவர் ஜோன் ஈர்ட்லி (1921–1963). ஸ்காட்லாந்தின் கேட்டர்லைன் என்ற மீனவ ஊர், நம்முடையதைப்போலவே கிழக்குக் கரை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்று அலையை வரைந்தார். நாளுக்கொரு கடற்கரை தேடி அலைவதைவிட அது பலமடங்கு பயன் தரும்.

மொரிசோவுக்குக் கிடைக்காத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அக்கரைப்பேட்டைப் பக்கம் கடுவையாற்றில் அவை அடுக்கடுக்காகக் கட்டிக் கிடக்கும். பழுதுபார்க்க நகர்த்தினால்தான் இடம் மாறும். மூன்றரை மணிக்குப் போய்ப் பென்சிலில் முதலில் படகை நீர் தொடும் கோட்டைப் போடுங்கள், அணியத்தின் (படகின் முன்முனை) வளைவு அடுத்து. படகின் நிழல் நீரில் விழும் பகுதிக்குப் படகின் நிறத்தையே சற்று அடர்த்தியாக எடுங்கள். அது காய்வதற்குள் ஈரப் பிரஷ்ஷைக் குறுக்கே ஒருமுறை இழுத்தால் நீர் அசைவது தெரியும். மே மாதப் படத்தில் தொடுவானத்தில் விசைப்படகு வேண்டாம். ஃபைபர் படகு போடலாம்.