கேள்வி – பதில்: வெட்டி ஒட்டிய காடு

1950-களில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஆங்கிலக் காட்டுப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்ட வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதும் அந்தப் படங்களுக்கே ஒதுக்கப்படுகிறது.

கும்பகோணம் வாசகர்: என் தந்தையார் இளமையில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் பார்த்த ‘ஜங்கிள் ஜிம்’ படங்களைப் பற்றி இன்றும் வாய் ஓயாமல் பேசுவார். அண்மையில் அவருடன் உட்கார்ந்து அவற்றில் ஒன்றைப் பார்த்தேன். கதாநாயகனும் காட்டு விலங்குகளும் பெரும்பாலும் ஒன்றாகத் திரையில் வருவதே இல்லை. இது ஏமாற்று வேலை அல்லவா ஐயா?

ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படங்கள் காட்டும் வழக்கம் இருந்தது. பெரிய நட்சத்திரங்கள் நடித்த முதல் படத்துக்கு வசூலில் பங்கு உண்டு. துணையாக ஓடும் இரண்டாவது படத்துக்கோ, அரங்கு நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும், முன்பே பேசி முடித்த ஒரு தொகைதான் வாடகை. வரவு கூடுவதற்கு வழியில்லாத இடத்தில் செலவைக் குறைப்பது ஒன்றே லாபம் என்பதை நம் ஊர் விவசாயிக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ‘பி’ படம் என்று பெயர் பெற்ற இந்த இரண்டாம் படங்கள் ஏறக்குறைய எழுபது நிமிடங்களே ஓடின. கொலம்பியா நிறுவனத்துக்காகத் தயாரிப்பாளர் சாம் காட்ஸ்மன் 1948 முதல் 1955 வரை எடுத்த ஜங்கிள் ஜிம் வரிசையில் பதினாறு படங்கள் வந்தன. மோனோகிராம் நிறுவனம் 1949-இல் தொடங்கிய ‘பாம்பா’ என்னும் காட்டுச் சிறுவன் வரிசையில் பன்னிரண்டு வந்தன. டார்ஜான் படங்களில் வளர்ப்பு மகனாக நடித்த ஜானி ஷெஃபீல்டுதான் அந்தச் சிறுவன்.

இவற்றுக்காக நடிகர்கள் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஆர்க்கேடியாவில் உள்ள தாவரப் பூங்காவும் அதன் ஏரியும் பல படங்களில் ஆப்பிரிக்கக் காடாகவும் ஆறாகவும் நடித்திருக்கின்றன. விலங்குகளோ பழைய படச்சுருள்களிலிருந்து வந்தன. பாம்பா படங்களுக்கான விலங்குக் காட்சிகளில் பல, 1930-இல் வெளிவந்த ‘ஆப்பிரிக்கா ஸ்பீக்ஸ்’ என்னும் பயணப் படத்திலிருந்து எடுத்தாளப்பட்டவை.

தந்தையாருடன் மறுபடியும் உட்காரும்போது இந்த ஒட்டு வேலையைச் சற்று நிதானித்துப் பாருங்கள். கதாநாயகன் ஓர் அகன்ற இலையை விலக்கி வலப்பக்கம் உற்றுப் பார்க்கிறான். உடனே வரிக்குதிரைக் கூட்டம் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு ஓடுகிறது. அந்தத் துணுக்கு மட்டும் வெளுத்துப்போய், புள்ளி தட்டி, கோடு விழுந்திருக்கும். வெயில் வேறு திசையிலிருந்து அடிக்கும். மீண்டும் கதாநாயகனின் முகம்; கண்கள் மெல்ல இடப்பக்கம் நகர்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு கண்டத்தில் ஓடிய விலங்கையும், ஒரு பூங்காவின் புதருக்குப் பின்னால் நிற்கும் மனிதனையும் அந்தக் கண்ணசைவு ஒன்றுதான் இணைக்கிறது. பார்வையின் திசை சற்றே தவறினாலும் காடு கலைந்துவிடும். தந்தையாரின் மனத்தில் இத்தனை காலம் கலையாமல் இருக்கிறதென்றால், எங்கோ ஓர் அறையில் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருந்த படத்தொகுப்பாளர் தம் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்றே பொருள். அந்தக் காடு முளைத்த இடம் அவருடைய மேசைதான்.

மன்னார்குடி வாசகர்: கடைசியாக வந்த சில படங்களில் கதாநாயகனை ஜங்கிள் ஜிம் என்று அழைக்காமல், நடிகரின் சொந்தப் பெயராலேயே அழைப்பது ஏன்?

ஜங்கிள் ஜிம் என்பது 1934-இல் தொடங்கிய படக்கதையின் நாயகன். அந்தப் பெயரைத் திரைப்படத்தில் பயன்படுத்தும் உரிமை காட்ஸ்மன் கையை விட்டுப் போனதால், கடைசி மூன்று படங்களில் ஜானி வைஸ்முல்லர் ஜானி வைஸ்முல்லராகவே வந்தார். உடையோ கதைப் போக்கோ மாறவில்லை. 1924, 1928 ஒலிம்பிக் நீச்சல் போட்டிகளில் ஐந்து தங்கப் பதக்கங்கள் வென்று, பிறகு பன்னிரண்டு படங்களில் டார்ஜானாக நடித்தவருக்குச் சொந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

திருவையாறு வாசகி: இத்தகைய படம் எதுவும் நம் நாட்டில் எடுக்கப்பட்டதுண்டா?

உண்டு. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். டி. ஆர். சுந்தரம் நடத்திய சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து எடுத்த படம் 1952-இல் ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என்றும் தமிழில் ‘காடு’ என்றும் வெளிவந்தது. இயக்கியவர் வில்லியம் பெர்க்; ஜங்கிள் ஜிம் வரிசையின் முதல் படத்தை இயக்கியவரும் அவரே. ராட் கேமரன், சீசர் ரோமரோ, மேரி விண்ட்சர் ஆகிய அமெரிக்க நடிகர்கள் இங்கே வந்து நடித்தார்கள், இசையில் ஜி. ராமநாதனுக்கும் பங்கு உண்டு. கலிபோர்னியப் பூங்காவை ஆப்பிரிக்கா என்று காட்டிக்கொண்டிருந்த வகைப் படத்துக்கு உண்மையான காடும் உண்மையான யானைகளும் கிடைத்தது நம் மண்ணில்தான். ஆனாலும் சிக்கனம் விடவில்லை. கதைப்படி யானைக் கூட்டங்கள் வெறிகொண்டு ஓடுவதற்கு, அழிந்துபோனதாகக் கருதப்பட்ட, உடல் முழுதும் உரோமம் அடர்ந்த மாமத (மாமூத்) யானைகள் காரணம். அவற்றைத் திரைக்குக் கொண்டுவர, பழக்கப்பட்ட யானைகளுக்கே சடைசடையாக உரோமப் போர்வை போர்த்திவிட்டார்கள். முகபடாம் சாத்திய கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்தப் போர்வையைச் சுமந்துகொண்டு பொறுமையாக நடக்கும் யானையைக் கண்டால் அச்சத்தைவிடப் பரிவே தோன்றும். எனினும், ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு ஹாலிவுட்டைத் தேடி வரவழைத்த சுந்தரத்தின் துணிச்சலுக்கு நம் திரை வரலாற்றில் இன்னும் உரிய இடம் தரப்படவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வேதாரண்யம் வாசகர்: கோடியக்கரைப் பறவைகளின் குரலைக் கேட்டுப் பழகியவன் நான். எந்தக் காட்டுப் படத்தைப் பார்த்தாலும் ஏதோ ஒரு பறவை உரக்கச் சிரிக்கிறதே, அது என்ன பறவை?

கூக்கபரா. நம் வாய்க்கால் கரைகளில் காணும் மீன்கொத்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியப் பக்கத்துப் பறவை. ஆப்பிரிக்கக் காட்டில் அதற்கு வேலையே இல்லை. அதன் குரல் ஒலிநாடாவில் கைவசம் இருந்ததால், அமேசானுக்கும் காங்கோவுக்கும் அதையே பயன்படுத்தினார்கள்.

திருவாரூர் ஆசிரியை: எங்கள் பள்ளித் திரைப்பட மன்றத்தில் இவற்றுள் ஒன்றைத் திரையிடலாமா?

எட்டாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம் என்பேன். இந்தப் படங்களில் காட்டுவாசிகள் பெரும்பாலும் ஈட்டி பிடித்த கூட்டமாகவோ, வெள்ளைக்காரருக்குப் பெட்டி சுமப்பவர்களாகவோ மட்டுமே வருகிறார்கள். அவர்கள் பேசும் மொழி பல இடங்களில் பொருளற்ற உளறல். அவர்களுடைய தெய்வங்கள் கேலிக்குரியவை. காட்டைக் காப்பாற்றுவதற்குக்கூட வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியிருக்கிறது. பணமில்லாமல் நேர்ந்த குறைகளை நான் மனமார மன்னிப்பேன். ஒட்டின தடம் தெரிந்தாலும் போர்வை நழுவினாலும் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தை இழிவாகக் காட்டியது பணத்தட்டுப்பாட்டால் வந்ததன்று. பெரும் செலவில் எடுத்த படங்களும் அதையே செய்தன. இதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்தப் பேச்சுக்குப் படத்துக்குப் பிறகு ஒரு பாடவேளையாவது ஒதுக்கிவையுங்கள்.

திரையிடும்போது முதல் பத்து நிமிடங்களுக்கு ஒலியை நிறுத்திவிட்டு, எந்தத் துணுக்கு பூங்காவில் எடுத்தது, எது பழைய சுருளிலிருந்து வந்தது என்று மாணவர்களையே குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். நிழல் விழும் திசை, மரத்தின் வகை, படத்தின் வெளுப்பு ஆகிய மூன்றையும் முதலிலேயே பலகையில் எழுதிவிடுவது நல்லது. ஒரே துணுக்கு இரண்டாம் முறை வரும் இடத்தைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தால், கடைசி வரிசைப் பிள்ளைகளும் கண்கொட்டாமல் பார்ப்பார்கள்.